கிளாஸின் மேல் ஒரு தட்டு

மூன்று வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்த செல்வினோடு மனைவி பெனிட்டா சரியாகப் பேசுவதில்லை. அந்த ஊர் பீரை அவன் வீட்டிலேயே புளிக்கவைத்தான். சூடு ஏறினால் கெட்டுவிடுமென்று கேனைச் சுற்றி ஐஸ் மாற்றிக்கொண்டே இருந்தான். பாட்டில்களில் அடைத்ததும் முதல் கிளாஸை அவளுக்குத்தான் ஊற்றினான்.

“அங்க கிளாஸ் காலியானா கேக்காமலே ஊத்துவாங்க. போதும்னா, மேல அட்டைய வச்சு மூடிரணும்.”

அவள் ஒரு வாய் குடித்தாள். முகம் சுளிக்கவில்லை. குக்கர் விசில் கேட்டு எழுந்தவள், கைப்பழக்கத்தில் கிளாஸைச் சின்னத் தட்டால் மூடிவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது அவன் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

“ஈ விழுந்திரும்னுதான் மூடினேன்,” என்றாள்.

“சரி. அப்போ எடு.”

தட்டின் மேல் அவள் கை போனது. அதன் குளிர்ச்சி விரல்களில் ஏறிய பிறகும் அவள் அதை எடுக்கவில்லை.