ஜெபமலரின் கைப்பிடி அரிசி

"இனிமே நம்ம உதவி வேண்டாம்னு ஒடிசா மலைச்சபையில எழுதிட்டாங்க" என்றார் பாஸ்டர் எட்வின்.

ஜெபமலருக்குச் சுருக்கென்றது. காரைக்கால் பாப்திஸ்து சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் மிஷனுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். அதை வீடு வீடாகச் சேர்த்து விற்று, பன்னிரண்டு வருடமாக அந்த மலை ஊழியத்தைத் தாங்கியவள் அவள்தான்.

"நாம என்ன குறை வச்சோம் பாஸ்டர்?"

"அதை அப்புறம் பேசலாங்கக்கா. இங்க மீன்பிடி துறைமுகத்துல நெறைய ஒடிசாக்காரங்க வேலை பாக்குறாங்கல்ல? அவங்களுக்கு ஊழியம் செய்ய இந்த பிரதர் வந்திருக்காரு."

கடைசி பெஞ்சில் இருந்தவர் எழுந்து கும்பிட்டார்.

ஜெபமலருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மூணு மாசம் ஜெபம் பண்ணி, ஓட்டெடுத்து ஊழியத்தைத் தேர்ந்தெடுக்கிற சபைங்க இது. வந்து நின்னவுடனே மிஷன் காசைத் தூக்கிக் குடுத்துட முடியுமா?"

பாஸ்டர் சிரித்தார். "நாம ஒண்ணும் குடுக்க வேண்டாங்கக்கா. ஒரு வாடகை வீடு பாத்துக் குடுத்தா போதும். இவரைத் தேர்ந்தெடுத்து, செலவும் குடுத்து அனுப்பியிருக்கறதே அந்த மலைச்சபைதான்."

வந்தவர் ஒரு துணிப்பையை மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே கேழ்வரகு.

"எங்க ஊர் அம்மாங்க... தினம் ஒரு பிடி" என்றார், தட்டுத் தடுமாறிய தமிழில்.

ஜெபமலர் அதில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வீடு எதுக்குங்க தேடணும்? எங்க மாடி சும்மாதானே கெடக்கு. வாடகை, மாசம் ஒரு பிடி கேழ்வரகு!"