மிராபெல்லுக்குள் வந்த தண்ணீர்

"வேண்டாம் ஹார்லன், திரும்பிடலாம். அதைப் பார்த்தா உனக்குத் தூக்கம் போயிடும்" என்றாள் மனைவி நெட்டி.

"தூக்கம் போய் ஒரு வருஷம் ஆச்சு" என்றபடி ஹார்லன் படகுத்துறைப் பலகைகளின் மேல் விடுவிடுவென்று நடந்தார்.

"சரி, இந்தத் தண்ணியையாவது குடிச்சிட்டுப் போ. கிட்னியில மறுபடியும் கல்லு வந்தா, ஊரைக் கூட்டப்போறது நீதான்."

ஹார்லன் பாட்டிலை வாங்கி, கடனே என்று ஒரு மடக்கு குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். டாக்டர் சொன்னாலும் சொன்னார், இரண்டு வருஷமாக அவளுக்கு இதே பாட்டுதான்.

துறையின் கோடியில் மிராபெல் நின்றது. கல்யாணத்துக்கு மறுவருஷம் அவர் வாங்கிய பாய்மரப் படகு. 'உன் சின்ன வீடு' என்றுதான் நெட்டி அதைச் சொல்வாள். இப்போது அது வேறொருவர் சொத்து. நாளைக்கு மில்வாக்கியிலிருந்து, கடல்போல் விரிந்த இந்த ஏரியின் வடகோடிவரை, படகுக்கு ஒரே ஆள் ஓட்டும் பந்தயம். அதில் அதுவும் கிளம்புகிறது.

போன வருஷம் அதே பந்தயத்தில் ஹார்லன் நடு ஏரியில் புயலில் மாட்டிக்கொண்டார். படகுக்குள் தரைப்பலகைக்கு மேல் தண்ணீர். இறைக்க இறைக்க வந்துகொண்டே இருந்தது. அடியில் ஓட்டை விழுந்துவிட்டது, இனி தேறாது என்று முடிவு கட்டி, உதவிக்கு வந்த சரக்குக் கப்பலின் ஏணியைப் பிடித்துவிட்டார். இன்சூரன்ஸ் கம்பெனி மறுபேச்சில்லாமல் முழுப் பணத்தையும் கொடுத்தது. நெட்டி நச்சரித்து எடுக்கவைத்த பாலிசி அது.

ஆனால் மிராபெல் மூழ்கவில்லை. தானாகவே மிதந்து போய், எதிர்க்கரை மணலில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பணம் கொடுத்தவர்களுக்குத்தானே படகு? கம்பெனி அதை விற்றுவிட்டது.

அன்றிலிருந்து ஹார்லனை ஒரே கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. சாகப்போகிறவளை விட்டு வந்தேனா, இல்லை, நல்லா இருந்தவளைப் பயந்துபோய் விட்டு ஓடி வந்தேனா? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் இன்று வந்திருந்தார்.

"வாங்க கேப்டன்!" படகை வாங்கிய கர்டிஸ், கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். "உங்களைத் தெரியாதவங்க இந்தத் துறையில யாரு? ஏறி வாங்க."

ஹார்லன் ஏறவில்லை. படகின் விளிம்பை மட்டும் தடவிக் கொடுத்தார்.

"ஓட்டை எந்தப் பக்கம் இருந்துச்சு தம்பி?"

கர்டிஸ் தலையைச் சொறிந்தான். "அது எதுக்கு இப்போ..."

"பரவாயில்ல, சொல்லு."

"ஓட்டையே இல்ல கேப்டன். குடிதண்ணி டேங்க்கோட குழாய் கழண்டிருந்துச்சு. டேங்க்ல இருந்த தண்ணி மொத்தமும் உள்ளே கொட்டியிருக்கு. நான் கிழக்கே மெயின் மாநிலத்துப் பக்கம் கடல்ல ஓட்டினவன். அங்கே விரலை நனைச்சு நாக்குல வெச்சா தெரிஞ்சிடும். உப்புக் கரிச்சா ஓட்டை, கரிக்கலைன்னா டேங்க். இந்த நல்லதண்ணி ஏரியில எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது? உங்க தப்பு ஒண்ணுமே இல்ல."

நியாயம்தான். ஊர்க் குழாயில் வருவதும் இதே ஏரித் தண்ணீர்தான்.

ஹார்லன் படகின் விளிம்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு, மாதக்கணக்கில் சிரிக்காத மனிதர் கடகடவென்று சிரித்தார்.

"அடப் போப்பா! பந்தயத்துக்குப் போறவன் எவனாவது டேங்க்கை நிரப்புவானா? என்னா கனம்! கரண்டியைக்கூட வீட்லயே வெச்சிட்டுப் போற ஆளு நான். குடிக்க ரெண்டே ரெண்டு பாட்டில்தான். முந்தின நாளே டேங்க்கை என் கையால சொட்டு விடாம காலி பண்ணினேன். காலி டேங்க்லேருந்து எப்படித் தண்ணி கொட்டும்? ஓட்டைதான் தம்பி. நீ சரியாப் பார்க்கல."

கர்டிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்து, பெரியவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ஹார்லனுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கிவைத்தது போலிருந்தது. நான் ஓடி வரவில்லை. மிராபெல் செத்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நெட்டி, நீயே சொல்லு! நான் டேங்க்கைக் காலி பண்ணும்போது நீ பக்கத்துலதானே நின்னே?"

திரும்பிப் பார்த்தார். நெட்டி தண்ணீர் பாட்டிலைப் பலகையின் மேல் வைத்தாள்.

"நின்னேன்" என்றாள். "மறுநாள் காலையில நீ பந்தயக்காரங்க கூட்டத்துக்குப் போயிட்டே. ரெண்டு பாட்டில் எந்த மூலைக்குன்னு என் மனசு கேக்கல ஹார்லன். சொன்னா கத்துவே, கிளம்பினப்புறம் போன்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன்; அப்புறம் லைனே கிடைக்கல. துறைக் குழாயிலேருந்து ஹோஸ் போட்டு, அந்த டேங்க்கைத் தளும்பத் தளும்ப நிரப்பினேன்."