சிவப்பு மாத்திரை

ரத்தப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் சோதனை அது. வெள்ளை மாத்திரை எல்லோருக்கும் உண்டு. சிவப்பு மட்டும் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

ஆனால் உடையப்பனுக்குத் தெரிந்துவிட்டது. விழுங்கிய வாரமே குமட்டலும் காய்ச்சலும் அவரைப் புரட்டி எடுத்தன. அதே சோதனையில் சேர்ந்து, கூடவே ஆஸ்பத்திரிக்கு வரும் சோமுவுக்கோ ஒன்றுமே இல்லை.

திரும்பும் வழியில், விராலிமலை பஸ் ஸ்டாண்டில் சோமுவைத் தனியே இழுத்துப்போனார்.

"எனக்குத்தான்டா அசல் மருந்து. அதான் இந்தப் பாடு படுத்துது. என் புள்ளைக கரையேறிட்டாக. ஒன் மக இன்னும் பள்ளிக்கூடம் போறா. சிவப்பு டப்பாவ மட்டும் மாத்திக்குவோம்."

"வேணாம்ண்ணே, ஒங்க உசுருண்ணே..."

"குடுறா இங்கிட்டு!"

அன்றிலிருந்து மாதாமாதம் மாற்றிக்கொண்டார்கள்.

ஆவணியில் சோமு போய்ச் சேர்ந்தான். உடையப்பன் தேறிவிட்டார்.

சோதனை முடிந்ததும் டாக்டர் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஒங்களுக்குக் குடுத்த சிவப்பு மாத்திரை வெறும் மாவுங்க. மொதல்ல வந்த காய்ச்சல், குமட்டல் எல்லாம் வெள்ளை மாத்திரையாலதான். எப்படித் தேறுனீங்கன்னே புரியல. பாவம், சோமுவுக்கு அசல் மருந்து குடுத்தும் கேக்கல."

வெளியே வந்து உடையப்பன் பையிலிருந்த காலிச் சிவப்பு டப்பாவைத் திருப்பிப் பார்த்தார்; சோமுவின் பெயர் ஒட்டியிருந்தது.

வீடு திரும்பியபோது, அவர் பிழைத்த சேதி கேட்டு சோமுவின் மனைவி உமா மகளோடு வாசலில் நின்றிருந்தாள்.

"இவருதான்டி பெரியப்பா. தன் உசுர எடுத்து ஒங்கப்பாவுக்குக் குடுத்தவரு. கால்ல விழுந்து கும்புட்டுக்க."