ஏழாம் நிரையின் பை

இலங்கை மலையகத்தில் லிந்துலைக்கு மேலே, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் தகரக் கூரையில் தூறல் விழுகிறது. ஆராய்ச்சி மாணவி ஷெரோமி தராசின் சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஐந்து கிலோ இருநூறு. மற்ற இருபது பைகளில் ஒன்றும் நான்கைத் தாண்டவில்லை. அவள் கையிலுள்ள நனைந்த தாளில் ஏழு புள்ளிகள், ஏழு கோடுகள். புள்ளி ஒவ்வொன்றும் ஒரு தேயிலை இனம். கோடு ஒவ்வொன்றும் மூன்று இனங்கள் நட்ட ஒரு நிரை. ஏழு பெண்கள், ஆளுக்கொரு நிரை, இனத்துக்கொரு பை. எந்த இரண்டு இனமும் ஒரே ஒரு நிரையில்தான் சேர்ந்து நிற்கும். அந்த நிரையின் எடை கெட்டால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு நிரை கிடையாது. நாளைக் காலை செடிகளைக் கவாத்து வெட்ட ஆட்கள் வருகிறார்கள்; மறுபடி பறித்து நிறுக்க முடியாது.

"இது யாரு பை?"

"என்னோடதுங்க மிஸ். ஏழாம் நிரை." ஏழு மாத வயிற்றோடு தூணில் சாய்ந்திருக்கும் தனுஷிகா, இடுப்பில் கட்டிய சாக்கின் நுனியை விரலில் சுற்றுகிறாள். பக்கத்தில் நிற்கும் அடுத்த நிரைக்காரி ஐவி தொண்டையைச் செருமுகிறாள்.

"மாசமா இருக்க புள்ள மிஸ். கொறைஞ்சா ஏச்சு வாங்குவாளேன்னு ரெண்டு கை அள்ளிப் போட்டேன். எப்பவும் செய்யிறதுதானே."

இரண்டு கைக் கொழுந்து கால் கிலோகூட இருக்காது. ஷெரோமியின் பென்சில் தாளுக்கு மேலே அப்படியே நிற்கிறது.

"மிச்சம்?"

ஐவிக்குப் பின்னால் நிற்கும் மற்ற ஐந்து பெண்களும் ஒருவர் பின் ஒருவராகத் தலை குனிகிறார்கள். தாளில் மூன்று மூன்றாக மட்டுமே சேரும் ஏழு இனங்களும் அந்த ஈரப் பைக்குள் ஒன்றாகக் கிடக்கின்றன. ஷெரோமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த தனுஷிகா மெதுவாகக் கேட்கிறாள்.

"இன்னும் பத்தலையா மிஸ்?"