மிஸ்ரியா உடைக்கும் சுவர்

பாலமுனையில் மிஸ்ரியா தன் வீட்டின் சாமான் அறைச் சுவரைச் சுத்தியலால் உடைக்கிறாள். சின்ன வயதில் வாப்பா பெல்ட்டால் அடித்து அவளைப் பூட்டிவைத்த இருட்டு இது. வீடு சீதனமாகக் கைக்கு வந்த பிறகும், வாப்பா இறந்த பிறகும் அவள் திறக்காமலே வைத்திருந்த அறை. முக்காட்டில் செங்கல் தூள் படிகிறது. வாசலில் நிற்கும் மூத்த சகோதரன் றம்ஸீன், "மௌத்தான வாப்பாட பேர் கெடும் தங்கச்சி, விடு" என்கிறான். "கெடட்டும் காக்கா. நான் உள்ளுக்க கிடந்து கத்தக்குள்ள ஒருத்தரும் கதவத் திறக்கல்லியே." அடுத்த அடியில் ஒரு கல் பெயர்ந்து வெளியே விழ, கடல் பக்கத்துக் காலை வெயில் தரையில் பாய்கிறது. மகள் அப்ரா ஓடிவந்து அந்த வெளிச்சத்தில் நிற்கிறாள். "இனி இது உன்ட அறை, மகள். ஜன்னல் எவ்வளவு பெரிசா வேணும்?" அப்ரா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறாள். "இன்னும் விரி" என்று சிரித்தபடி மிஸ்ரியா சுத்தியலை ஓங்குகிறாள்.