செவ்வாய்க்கிழமைக் கோளாறு

மூத்த மாப்பிள்ளை சாவியைத் திருகினார். வேன் 'டக்'கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிப் போனது.

"செல்ஃப் எடுக்கலையா, அண்ணே?"

புதுக் காரின் கதவைத் திறந்து பிடித்தபடி இளைய மாப்பிள்ளை கேட்டார். குரலில் அத்தனை பணிவு. அந்தப் பணிவைக் கேட்டுத்தான் மூத்தவருக்கு வயிறு எரிந்தது.

"விடுங்க மாப்பிள்ளை, நான் இதுலயே போய்க்கறேன்" என்று மாமனார் கைத்தடியை ஊன்றி நடந்துபோய், அலுங்காமல் காருக்குள் உட்கார்ந்துகொண்டார்.

கார் வழுக்கிக்கொண்டு போனது.

"மில்லு முழுக்க வயர் இழுக்கிற எலக்ட்ரீஷியன். சொந்த வண்டிக்குக் கரண்டு இல்ல" என்றாள் மனைவி.

"வாயை மூடு."

"போன வாரம் அந்தக் கார்ல உட்கார்ந்ததே தெரியலையாம். மெத்தையாட்டம் இருந்துச்சுன்னு அப்பா சொன்னாரு."

மெத்தை என்ற சொல் மூத்தவருக்கு முள்ளாகக் குத்தியது.

மாமனாருக்கு வாராவாரம் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி. அழைத்துப் போவது, அதே வீட்டு மாடியில் குடியிருக்கும் மூத்த மருமகனின் உரிமை. யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காத உரிமை. அவர் பிள்ளைகள் பிறந்து வீட்டுக்கு வந்தது இந்த வேனில். மச்சினி கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போனதும் இதே வேனில்தான். அன்றைக்கு இந்தச் சகலையும் இதில்தான் இடித்துப் பிடித்து உட்கார்ந்து போனான். ஆபீசில் நாற்காலி பெரிதானதும் துரைக்குக் கார் வந்துவிட்டது!

"உயரமான வண்டி மாமா. ஏறி உட்கார்ந்தா ரோடே நம்ம காலுக்குக் கீழ" என்று மாமனாரிடம் பெருமையடிப்பார் மூத்தவர்.

"ஆமா மாப்பிள்ளை" என்பார் மாமனார்.

அப்படிப்பட்ட வண்டி மற்ற நாளெல்லாம் ஒழுங்காகக் கிளம்பியது. சில வாரங்களாகச் செவ்வாய் காலையில் மட்டும் செத்துக் கிடந்தது. பேட்டரியைக் கழற்றிக் கடையில் காட்டினார். நன்றாக இருக்கிறது என்றார்கள். எர்த் வயரைச் சுரண்டித் துடைத்து மாட்டினார். ஆல்டர்னேட்டரைப் பார்த்தார். அதிலும் குற்றமில்லை.

"கிழமை பார்த்துக் கெட்டுப்போற வண்டியை இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் மனைவி.

அவருக்குப் பொறி தட்டியது. 'எதுக்கும் இன்னொரு வண்டி இருக்கட்டும்' என்று திங்கட்கிழமை சாயங்காலமே வந்து தங்குகிறவன் யார்?

அடுத்த திங்கள். சகலை வந்து கூடத்தில் உட்கார்ந்தார். மாமனார் வழக்கம்போல வாசலில் கொஞ்சம் உலாத்திவிட்டு உள்ளே வந்தார். மூத்தவர் நைசாக வெளியே போய் வேனின் முன்பக்கத்தைத் திறந்தார்.

பேட்டரி வயர் ஒன்றைக் கழற்றி, இடையில் டெஸ்ட் லேம்பைப் பிடித்தார். வண்டியில் எல்லாம் அணைந்திருந்தால் அது எரியக் கூடாது.

எரிந்தது.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். உள்விளக்கின் ஃபியூஸைப் பிடுங்கியதும் டெஸ்ட் லேம்ப் அணைந்தது. எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டுப் போய்ப் பின்கதவைத் திறந்தார். சாமான் ஏற்றும்போது வெளிச்சத்துக்கென்று அங்கே ஓரமாக ஒரு சின்ன விளக்கு. பக்கத்திலேயே அதன் சுவிட்ச். மேலே ஒரு சாக்கு தொங்கியது.

சாக்கை விலக்கினார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ராத்திரி முழுக்க எரிந்தால் கிழட்டு வண்டியின் பேட்டரி எப்படித் தாங்கும்?

கூடத்தின் நடுவே வந்து நின்றார்.

"வேனுக்குப் பின்னால லைட்டைப் போட்டு சாக்கால மூடி வச்சது யாரு?"

மாமனாரின் கையிலிருந்த பேப்பர் தாழ்ந்தது. சகலை அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"நான்தான் அண்ணே."

"அப்படிப் போடு! எதுக்கு?"

"புதுக் கார்... மாமா அதுல வரணும்னு ஒரு ஆசை."

"ஒழைக்கிறவன் வண்டியைச் சாகடிச்சுத்தான் உன் பவுசைக் காட்டணுமா? உங்க வர்க்கப் புத்தியே இதுதானடா! நாற்காலில உட்கார்ந்துட்டா அடுத்தவன் நிக்கிறதைப் பொறுக்காது. கிளம்பு. இனிமே செவ்வாய்க்கிழமை உன் கார் இந்த வாசல்ல நிக்கக் கூடாது!"

மாமனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சகலை வேண்டாமென்று லேசாகத் தலையசைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு மூத்தவர் ஒரு பிடி கூடுதலாகவே சாப்பிட்டார்.

மறுநாள் காலை. சாவியைத் திருகியதும் வேன் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"பாத்தீங்களா மாமா! எவன் கண்ணும் படாம இருந்தா நம்ம வண்டிக்கு என்ன கேடு?"

இறங்கி ஓடிவந்து பக்கக் கதவைச் சரேலென்று தள்ளித் திறந்தார். மாமனார் தடியைச் சாய்த்து வைத்துவிட்டுக் காலைத் தூக்கினார். பாதி உயரம் வந்த கால் கீழே விழுந்தது. இன்னொரு தடவை தூக்கினார். நெற்றி வியர்த்தது.

"கையைக் கொடுங்க மாமா, தூக்கி விடறேன்."

கொடுத்தார். மூத்தவர் தூக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு முக்கால்வாசி எழும்பியவர், கண்ணில் நீர் முட்ட மறுபடி தரையில் நின்றார். அந்தப் படி கிழவரின் முழங்கால் உயரம் இருப்பதை மூத்தவர் அப்போதுதான் கவனித்தார்.

மாமனார் கதவைப் பிடித்தபடியே மூச்சு வாங்கினார்.

"சின்ன மாப்பிள்ளையைத் திட்டாதீங்க. லைட்டைப் போட்டது நான். இந்தப் படியில ஏற முடியலைன்னு உங்க முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன், மாப்பிள்ளை?"