வலப்பக்கம் மேலே

இடைவேளைக்குத் திரை விழுந்து சற்று நேரத்தில் மகேந்திரராஜா மேடைக்குப் பின்னால் விறுவிறென்று வந்தார்.

"கமலினி, என்ர மானத்தை வாங்கிப்போட்டீர்."

புருஷன் ஏன் ஏசுகிறார் என்று கமலினிக்கு விளங்கவில்லை. கையில் குண்டூசியோடு அப்படியே நின்றாள். நாடகம் நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது?

மெரிலேண்ட்ஸில் குடியேறிய தமிழரின் சங்கம் ஒரு சேர்ச் ஹோலை வாடகைக்கு எடுத்து நடத்திய பொங்கல் விழா. மகேந்திரராஜாவே எழுதி இயக்கிய சாமுராய் நாடகம். எழுபத்தெட்டாம் ஆண்டில் சங்கத்து ஆட்களுக்குள் ஜப்பானைக் கண்ணால் கண்டவர் அவர் ஒருவர்தான். கொம்பனி அனுப்பி ஆறு மாதம் ஒசாகாவில் இருந்துவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு வாயைத் திறந்தால் ஜப்பான்தான். அவரைக் கண்டதும் மெல்ல நழுவச் சனம் பழகிவிட்டது.

கதை என்னவோ நல்ல கதைதான். பதின்மூன்று வயதில் வாள் எடுத்த தளபதி ஒருவன். நாற்பது வயதில் அவன் கோட்டையை எதிரி சுற்றி வளைக்கிறான். உள்ளே ஒரு பிடி அரிசி இல்லை. தளபதி செத்தால் வீரர்களை விட்டுவிடுகிறேன் என்கிறான் எதிரி. தோற்றது என் ஆட்களின் பிழையில்லை, என் பிழை என்று சொல்லித் தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொள்கிறான் தளபதி. ஒத்திகையில் அந்த இடம் வரும்போதெல்லாம் மகேந்திரராஜாவுக்குக் குரல் தழுதழுத்துவிடும்.

உடுப்பெல்லாம் கமலினியின் கைவேலை. ஐந்து கிழமையாக, வேலையால் வந்த பிறகு, பழைய யன்னல் சீலைகளை வெட்டித் தைத்தாள். தளபதியாக நடித்த பாலகிருஷ்ணனுக்கு அங்கியைக் கட்டிவிட்டதும் அவள்தான்.

முதல் வரிசையில் பிரதம விருந்தினராக ஹயாமா இருந்தார். மகேந்திரராஜாவின் கொம்பனிக்கு மெஷின் விற்கிற ஜப்பான்காரர். தளபதி மேடைக்கு வந்ததும் ஹயாமாவின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாராம். தேத்தண்ணியோடு போய் விசாரித்த மகேந்திரராஜாவிடம், அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாராம்: அங்கியின் இடப்பக்கம்தான் மேலே வரவேண்டும், வலப்பக்கத்தை மேலே போட்டுக் கட்டுவது எங்கள் ஊரில் பிணத்துக்கு மட்டும்தான்.

"உயிரோட நிக்கிற தளபதிக்குப் பிணத்துக்குக் கட்டுற மாதிரிக் கட்டியிருக்கிறீர். ஒரு உடுப்பு ஒழுங்கா உடுத்திவிடத் தெரியாதோ?"

பாலகிருஷ்ணனும் மற்ற வீரர்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நீங்கள்தானே வலப்பக்கம் மேல எண்டு சொன்னனீங்கள்?"

"நானோ? ஆறு மாசம் அங்க இருந்த நான் அப்பிடிச் சொல்லுவனோ? போய்க் குசினியில நில்லும். அவையின்ர கண்ணில படாதேயும்."

அங்கியை மாற்றிக் கட்டவும் வேண்டாமாம். இனி மாற்றினால் பிழை ஊருக்கே தெரிந்துவிடுமாம்.

கமலினி குசினியில் பொங்கல் பானைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். அவர் சொன்னவர்தானே? சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னது போலத்தான் ஞாபகம். ஆனால் இவ்வளவு அடித்துச் சொல்கிறாரே. ஒருவேளை இடப்பக்கம் என்றுதான் சொல்லி, நான்தான் மாறி விளங்கிக்கொண்டேனோ? சீலைத் தலைப்பை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போட்டுப் பார்த்தாள். யோசிக்க யோசிக்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. அழுகை வந்தது. அத்தனை பேருக்கு முன்னால் ஏச்சு வாங்கியதை நினைக்க உடம்பெல்லாம் கூசியது.

நாடகம் முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் ஹயாமாவைப் பேச அழைத்தார்கள். கமலினி குசினிக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தாள். போச்சு, இனி ஊரறியச் சொல்லப்போகிறார்.

ஹயாமா இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"தளபதி முதல் காட்சியிலேயே இறந்தவருக்குரிய கட்டோடு வந்தார். சாவுக்கு அவர் எப்போதோ தயாராகிவிட்டார் என்று அதிலேயே விளங்கிவிட்டது. எங்கள் நாட்டு மேடையில்கூட நான் இதைக் கண்டதில்லை. யாருடைய யோசனை இது?"

ஹோல் அதிரக் கைதட்டினார்கள். மகேந்திரராஜா ஓடிப்போய் மைக்கைப் பிடித்தார்.

"என்னுடைய யோசனைதான். வலப்பக்கம் மேலே வரவேண்டும் என்று என் மனைவிக்கு நானே சொன்னேன். ஒரு தரமில்லை, மூன்று தரம்."

அப்போ என் காதில் பிழையில்லை. கமலினிக்கு நெஞ்சுக்குள் இருந்து ஒரு பாரம் இறங்கியது. அடுத்த நிமிஷமே வேறொரு குழப்பம். ஹயாமாவின் மனைவி பிழை என்கிறார், ஹயாமா அருமை என்கிறார். இதில் எதுதான் சரி?

சாப்பாட்டு நேரத்தில் குசினியை எட்டிப் பார்த்து, தட்டை நீட்டிக்கொண்டு ஹயாமாவே வந்தார். பொங்கலைப் பரிமாறிக்கொண்டே கமலினி மெதுவாகக் கேட்டாள்.

"அந்தக் கட்டு உண்மையிலேயே சரியா?"

"இல்லை மிஸஸ் ராஜா. சுத்தப் பிழை."

"பிறகு ஏன் அப்படிப் புகழ்ந்தீர்கள்?"

ஹோல் நடுவில் ஆட்கள் மகேந்திரராஜாவுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹயாமா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இடைவேளையில் திரைக்குப் பின்னால் சத்தம் கேட்டது. தமிழ் தெரியாவிட்டாலும் யார் யாரை ஏசுகிறார் என்று விளங்கியது. பிழை யாருடையது என்றுதான் விளங்கவில்லை. பிழை என்று நான் மேடையில் சொல்லியிருந்தால் அவர் உங்களைக் காட்டியிருப்பார். நல்லது என்று சொன்னேன், தன்னையே காட்டிவிட்டார்."